பிரசவ வார்டுக்குள் ஆண் மாணவர்களுக்கு மட்டும் தடை விதிக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு அருகே விவசாயம் செய்கிறேன். என் மகன் தருமபுரி மாவட்டத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. நர்சிங் ஆறாவது செமஸ்டர் படிக்கிறான். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு போஸ்டிங் (வார்டில் நேரடிப் பயிற்சி) வந்தால் மாணவிகளை மட்டும் உள்ளே அனுப்புகிறார்கள். மாணவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து, மாணவிகளின் பயிற்சிப் பதிவேட்டை (லாக் புக்) பார்த்து எழுதிக்கொள்ள வேண்டுமாம். தட்டிக்கேட்டால் சான்றிதழைத் தர மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக உங்கள் மகன் இனி ஒரு வரிகூட எழுதக் கூடாது, நாளை விசாரணை என்று வந்தால் அந்தப் பொய்ப் பதிவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. தாய்மை நலச் செவிலியம் இருபாலருக்கும் கட்டாயப் பாடம் என்பதுடன், பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீத வருகை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆகவே போஸ்டிங் தருவது கல்லூரியின் கடமை.

பிரசவ வலியில் இருக்கும் பெண், ஆண் மாணவர் அருகில் வேண்டாம் என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது; அது அவருடைய உரிமை. ஆனால் அந்த மறுப்பு அந்த ஒரு படுக்கைக்குத்தான் பொருந்தும். எவரிடமும் சம்மதமே கேட்காமல் மாணவர்கள் அனைவரையும் வாசலிலேயே நிறுத்துவதை, பால் அடிப்படையில் மட்டும் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 15(1) பிரிவைக் காட்டி எதிர்க்கலாம். பெண் செவிலியர் உடனிருக்க, சம்மதம் பெற்றுப் பயிற்சி அளிப்பதே முறையான வழி.

மகன் வயது வந்தவர் என்பதால், போஸ்டிங் மறுக்கப்பட்ட தேதிகளைக் குறிப்பிட்டு அவரே கையெழுத்திட்டுக் கல்லூரி முதல்வருக்கு ஒப்புகையுடன் கடிதம் அனுப்ப வேண்டும். பதில் இல்லையெனில் அதன் நகலுடன் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதுங்கள். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

சான்றிதழ் குறித்த பயம் வேண்டாம். அது அடகுப் பொருள் அல்ல; கல்லூரிகள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. வழக்குச் செலவு சுமையாக இருந்தால், உங்கள் வருமானத்தைத் தெரிவித்து, இலவச உதவி கோரி தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லை.