ஒரே தாள்: மெக்கின்னியில் உயில், திருச்சியில் வெறும் கடிதம்

கேள்வி: டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். பதினான்கு மாதங்களுக்கு முன் என் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். பிள்ளைகளுக்கு 14 வயதும் 9 வயதும் ஆகிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. கடன் இன்னும் ஓடுகிறது. பங்குக் கணக்கும் ஒரு வங்கிக் கணக்கும் அவர் பெயரில் தனியாக இருக்கின்றன. வங்கியில் கேட்டால் "லெட்டர்ஸ் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். அவருடைய மேசையில் அவரே தமிழில் கைப்பட எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு பக்கம் கிடைத்தது. "என் காலத்துக்குப் பிறகு என் சொத்து எல்லாம் என் மனைவிக்கே" என்று இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து இல்லை. இது செல்லுமா? கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்காகும், வீட்டில் பாதி செலவாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கு முன் அவர் திருச்சியில் வாங்கிய மனை ஒன்றும் இருக்கிறது. மாமியார் அங்கேதான் இருக்கிறார். கொழுந்தனார் "நானே எக்ஸிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) இருந்து எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்கிறார்.

பதில்: முதலில் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், பின் குத்த வேண்டாம், ஓரத்தில் எதையும் எழுத வேண்டாம். கோர்ட்டுக்கு மூலப்பிரதிதான் வேண்டும். நகலை மட்டும் காட்டினால், இறந்தவரே மூலத்தைக் கிழித்துப் போட்டிருப்பார் என்ற அனுமானத்தில் வழக்கு தொடங்கும். அதை முறியடிக்கிற வேலை உங்கள் தலையில் விழும்.

டெக்சாஸில் அந்தத் தாள் செல்லும். முழுவதும் தன் கையெழுத்திலேயே எழுதி ஒப்பமிட்ட உயிலுக்குச் சாட்சி தேவையில்லை என்கிறது இந்த மாநிலச் சட்டம். தமிழில் இருப்பதும் தடையில்லை. ஆனால் நீதிபதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நீங்களோ உறவினரோ செய்யாதீர்கள்; பலன் அடையாத, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் செய்து, சத்தியப் பிரமாணத்தோடு கொடுக்க வேண்டும். "என் காலத்துக்குப் பிறகு" என்பதுதான் இதில் உயிர்நாடி. மரணத்துக்குப் பின் சொத்து யாருக்கு என்று சொன்னால்தான் அது உயில். இல்லாவிட்டால் அன்பான கடிதம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிறேன் என்று யாராவது அந்த இடத்தைச் சொதப்பினால், எழுதினவருக்கு உயில் எழுதும் எண்ணமே இருந்ததா என்ற கேள்வி எழும்.

அடுத்த சிக்கல் கையெழுத்து. சாட்சி இல்லாத உயில் என்பதால், "இது அவர் எழுத்துதான்" என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். இந்த இடத்தில் நம்மவர்கள் தடுமாறுவதுண்டு. பத்து வருடம் கூட வேலை பார்த்தவர் வந்து நிற்பார். அவருக்குத் தெரிந்தது உங்கள் கணவரின் ஆங்கிலக் கையொப்பம் மட்டும். அவர் தமிழில் எழுதி யார் பார்த்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கல்லூரி விடுதி நண்பர், தமிழ்ப் பள்ளியில் கூடப் பாடம் எடுத்தவர், இப்படி யாராவது. சொத்தில் பங்கு இல்லாதவர்களாக இருந்தால் நல்லது.

எந்தக் கோர்ட்? அவர் கடைசியாக நிரந்தரமாகக் குடியிருந்த கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட். ஃபிரிஸ்கோ என்று முகவரி இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளிலும் பரவிக் கிடக்கிறது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். காலின் என்றால் மெக்கின்னியில் உள்ள புரோபேட் கோர்ட் (உயில், வாரிசு வழக்குகளுக்கான கோர்ட்), டென்டன் என்றால் டென்டன் நகரில். கெடு என்று பார்த்தால், இறந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் உயிலைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்களுக்குப் பதினான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஊர் மாறிவிடுவார்கள்.

டெக்சாஸில் இரண்டு வழி இருக்கிறது. உங்களுக்குப் பொருந்தக்கூடியதும் எளிதானதும் "முனிமென்ட் ஆஃப் டைட்டில்". உயில் உண்மையானது என்று கோர்ட் உத்தரவு போடும். அந்த உத்தரவே உங்கள் உரிமைக்குச் சான்று. நிர்வாகி நியமனம் கிடையாது, சொத்துப் பட்டியல் தாக்கல் கிடையாது. உத்தரவின் சான்றிட்ட நகலைக் கவுண்டி கிளார்க்கிடம் நிலப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் வீடு உங்கள் பெயருக்கு வந்ததாக ஆகும். நிபந்தனை இதுதான்: வீட்டுக் கடன் போல நிலத்தை அடமானமாக வைத்த கடனைத் தவிர வேறு கடன் பாக்கி இருக்கக் கூடாது. மருத்துவமனை பில், கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் முதலில் தீர்த்துவிடுங்கள்.

சரி, வங்கி கேட்கிற லெட்டர்ஸ், அதாவது நிர்வாகிக்குக் கோர்ட் கொடுக்கும் அதிகாரக் கடிதம்? முனிமென்டில் அது கிடைக்காது. சட்டப்படி அந்த உத்தரவை வைத்தே பணத்தைத் தரலாம். ஆனால் வேறு மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனங்களின் ஊழியர்கள் சிலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லெட்டர்ஸ்தான் வேண்டும் என்று நிற்பார்கள். அதனால் மனு போடுவதற்கு முன்பே வங்கிக்கும் பங்கு நிறுவனத்துக்கும் போன் செய்து, முனிமென்ட் உத்தரவை ஏற்பீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் இரண்டாவது வழி: சுதந்திர நிர்வாகம், அதாவது ஒவ்வொன்றுக்கும் கோர்ட் அனுமதி கேட்காமல் நிர்வாகியே சொத்தைக் கையாளும் முறை. உயிலில் எக்ஸிக்யூட்டர் பெயர் இல்லாததால், எல்லாம் பெறுபவர் என்ற முறையில் நீங்களே சம்மதித்து, உங்களையே நிர்வாகியாக நியமிக்கக் கேட்கலாம். பிணைப் பத்திரம் வேண்டாம் என்றும் அப்போதே கேளுங்கள். லெட்டர்ஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கடன்காரர்களுக்குச் செய்தித்தாளில் அறிவிப்பு, பொறுப்பேற்ற 90 நாளுக்குள் சொத்துப் பட்டியல் அல்லது அதற்குப் பதிலாக ஒரு பிரமாணப் பத்திரம், இப்படிச் சில வேலைகள் கூடும். தாங்க முடியாத வேலை இல்லை.

எந்த வழியானாலும் மனு தாக்கலானதும் கிளார்க் அறிவிப்பு ஒட்டுவார். ஒட்டிப் பத்து நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விசாரணை. யாரும் ஆட்சேபிக்காத வழக்கில் விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வருடக்கணக்கு, பாதி வீடு என்பதெல்லாம் வேறு மாநிலத்துக் கதையாகவோ சண்டை போட்ட குடும்பத்தின் கதையாகவோ இருக்கும். டெக்சாஸில் வாரிசு வரி இல்லை. கோர்ட் கட்டணமும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று கிடையாது. வக்கீல் கட்டணம் உண்டு. தமிழ்க் கையெழுத்து உயிலை வைத்துக்கொண்டு நீங்களாகவே போய் நிற்பதை நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக் கடன் தவணையைக் கட்டிக்கொண்டே வாருங்கள். வீடு குடியிருக்கும் மனைவிக்கு வந்ததைக் காரணம் காட்டிக் கடன் முழுவதையும் உடனே கட்டு என்று சொல்ல வங்கிக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அனுமதி தரவில்லை.

ஒருவேளை உயிலைக் கோர்ட் ஏற்காவிட்டால்? அப்போதும் வீடு போய்விடாது. திருமண காலத்தில் வாங்கியது யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் பொது என்றுதான் டெக்சாஸ் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் இருவரும் உங்கள் இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால் அவருடைய பாதியும் உங்களுக்கே. ஆனால் வாரிசு யார் என்று கோர்ட்டில் நிரூபிக்கும் தனி வழக்கு வேண்டும். அதில் தெரியாத வாரிசுகளுக்காகக் கோர்ட்டே ஒரு வக்கீலை நியமிக்கும். செலவு கூடும்.

இனி திருச்சி. இங்கேதான் கதை தலைகீழாகிறது. இந்தியாவில் உள்ள நிலத்துக்கு இந்தியச் சட்டம்தான். அந்தச் சட்டப்படி உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டிருக்க வேண்டும். மெக்கின்னியில் உத்தரவு வாங்கினாலும் இந்தக் குறை தீராது. எனவே மனையைப் பொறுத்தவரை அவர் உயில் எழுதாமல் இறந்ததாகவே கணக்கு. நீங்கள் இந்துக்கள் என்றால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார் ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. கொழுந்தனாருக்கு அதில் பங்கு இல்லை. டெக்சாஸ் பக்கம் எக்ஸிக்யூட்டர் ஆகவும் அவருக்கு உரிமை இல்லை. உயில் அவரைக் குறிப்பிடவே இல்லை.

மாமியார் விரும்பினால் தன் பங்கைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் மூலம் உங்களுக்கு விட்டுத்தரலாம். விட்டுத்தராவிட்டால் அது அவருடைய உரிமை. மகனை இழந்தவர், வக்கீல் கடிதம் போவதற்கு முன் நீங்களே போனில் பேசிவிடுங்கள். பிள்ளைகள் பங்கு வேறு விஷயம். அவர்கள் மைனர்கள், தாய் என்றாலும் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவர்கள் பங்கை விற்கக் கூடாது. விற்கும் அவசரம் இல்லை என்றால் இப்போதைக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை நால்வர் பெயருக்கு மாற்றி வையுங்கள்.

டெக்சாஸ் இறப்புச் சான்றிதழில் ஒன்றுக்கு மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஆவணம் செல்வதற்கான சான்று) வாங்கி இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். நேரில் போக முடியாமல் அங்கே யாருக்காவது பவர் கொடுத்தால், அதையும் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் செய்யுங்கள். இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அந்தப் பவரில் பட்டா மாற்ற மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம்.