கால் எலும்பில் விரிசல் வந்து குணமான பிறகு முதல் மாரத்தான் ஓட முடியுமா? ஓடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

முடியும். நான் ஓடியிருக்கிறேன்.

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: முன்னங்கால் எலும்பில் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள பெரிய எலும்பு) ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் மெல்லிய விரிசல், ஓய்வு முடிந்துவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார், சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா? எனக்கும் அதே எலும்பு, இடது கால். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விரிசல் சரியாக எந்த இடத்தில் என்று ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரிடம் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்பக்க ஓரத்தில் என்றால் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வார ஓய்வில் ஆறிவிடும். அதே எலும்பின் முன்பக்கம், பாதத்தின் நடுவில் இருக்கும் நாவிகுலர் எலும்பு, இடுப்பருகே தொடை எலும்பின் கழுத்து ஆகிய மூன்றும் வேறு கதை. ஆற நாளாகும், சில நேரம் அறுவை சிகிச்சை வரை போகும். அப்படி இருந்தால் நான் கீழே சொல்லும் எதுவும் உங்களுக்கு அளவுகோல் ஆகாது. எனக்கு உட்பக்க ஓரம்.

இதைக் கண்டுபிடிப்பதே பாதிப் பாடு. முதலில் பார்த்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமே இல்லை, ஐஸ் வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆரம்ப நிலை விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஓடுபவர்களுக்குச் சாதாரணமாக வரும் ஷின் ஸ்பிளின்ட்டில் வலி எலும்போரம் நீளமாகப் பரவி இருக்கும். விரிசல் என்றால் வலிக்கும் இடத்தை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். கட்டைவிரலால் அழுத்தினால் உயிர் போகும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். குணமானவர்கள் மறுபடி அடிபடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும், எலும்பு வராது. ஓய்வுக் காலத்தில் சைக்கிளும் நீச்சலும் செய்திருந்தால் இன்னும் மோசம். உடம்பு பறக்கத் தயாராக இருக்கும், கால் மட்டும் தயாராக இருக்காது. எலும்பின் மேல் சுமை கூடும்போது உடம்பு முதலில் பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. கரைப்பது வாரக்கணக்கில் முடியும், கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நம் ஊரில் சாலை போடுகிற மாதிரிதான்: தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், தார் வருவதற்குள் அதே வழியில் லாரி விட்டால் என்ன ஆகும்? ஓட ஆரம்பித்து மூன்று, நான்கு வாரத்தில் "எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு" என்று பலரும் வந்து நிற்பது இதனால்தான்.

என் பிசியோ இதை ஒரே வரியில் சொன்னார்: "மேடம், மூச்சு வாங்கலைன்னு தூரத்தைக் கூட்டாதீங்க, மறுநாள் காலையில கால் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுக் கூட்டுங்க." அதையே விதியாக வைத்துக்கொண்டேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் பழைய இடத்தை அழுத்திப் பார்ப்பேன். வலி இல்லையென்றால் அடுத்த ஓட்டம். லேசாக இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, நீச்சல்.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை, அந்த ஒற்றைக் காலில் குதித்தும் வலி இல்லை என்ற பிறகுதான் ஓட அனுமதி கிடைத்தது. ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். அடையாறில் எனக்குத் தெரிந்த ஓட்டக்காரர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போவார்கள், கையை ஆட்டிவிட்டு நான் நடப்பேன். மெல்ல ஓட்ட நிமிடங்கள் கூடின. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக்கூடாது. வேகத்தை நான் தொடவே இல்லை. முதல் மாரத்தானுக்கு வேகம் எதற்கு?

கெண்டைக்காலுக்கான பயிற்சியைச் சலிக்காமல் செய்யுங்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, முழங்கால் நேராக ஒருமுறை, மடக்கி ஒருமுறை. மடக்கிச் செய்தால் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு அதிக வேலை கிடைக்கும், ஒவ்வொரு அடியிலும் முன்னங்கால் எலும்புக்கு முட்டுக்கொடுப்பது அதுதான். காலை எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கடற்கரை மணலில் ஓடு, மெத்தென்று இருக்கும் என்று நான்கு பேராவது சொல்வார்கள். தலையை ஆட்டிவிட்டு ரோட்டிலேயே ஓடுங்கள். உதிரி மணலில் கால் புதைந்து கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும்தான் வேலை கூடும். ஈசிஆர் ஓரத்தில் சாலை சரிந்திருக்கும் இடங்களிலும் கவனம்.

சாப்பாடு. எனக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருந்துகொண்டா என்று கேட்காதீர்கள், விடிவதற்குள் ஓடிவிட்டு நாளெல்லாம் ஏசியில் உட்காருபவர்களுக்கு வெயில் எங்கிருந்து வரும்? ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருப்பதும் எலும்பைத் தின்னும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: பயிற்சி கூடும்போது மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ நிம்மதி என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாவதற்கு அது முக்கியமான அறிகுறி, டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அம்மா தன் பங்குக்குப் பிரண்டைத் துவையலில் இறங்கிவிட்டார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை ஒடித்து நார் உரித்து, அப்படியும் அரிக்கிறது என்று திட்டிக்கொண்டே அரைப்பார். "கால் ஒடஞ்சவ எதுக்குடி ஓடணும்" என்பதும் கூடவே வரும். பிரண்டை எலும்பை ஒட்டவைத்ததா என்றால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். கேழ்வரகில் கால்சியம் உண்டு, அது உறுதி.

சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். இப்படி மெல்லக் கூட்டும் கணக்கில், முதலில் வந்த ஜனவரியை விட்டுவிட்டு அடுத்த ஜனவரிக்குத்தான் பெயர் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பதுதான் என் பதில். இப்போதுதான் நடக்கிறீர்கள் என்றால் வரும் ஜனவரியில் 10 கிலோமீட்டர் போதும்.

போட்டியன்று நேப்பியர் பாலத்தருகே இருட்டிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. மார்கழிக் குளிர் என்பது சென்னையில் பேருக்குத்தான், காற்றில் ஈரம் அதிகம், நின்ற இடத்திலேயே வேர்த்தது. முதல் கிலோமீட்டரிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பதல்ல, களைப்பதற்கு முன்பே நடப்பது. தொடக்கத்தில் கூச்சமாகத்தான் இருக்கும். எல்லோரும் பாய்ந்து போகும்போது நாம் மட்டும் ஓரமாக நடந்தால், தன்னார்வலர் ஒருவர் ஓடிவந்து "அக்கா, என்னாச்சு?" என்று கேட்பார்.

முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் வெயிலும் வந்தது, இடது காலில் வலியும் வந்தது. இதற்கான முடிவை நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன், அந்த நேரத்து மூளையை நம்பக்கூடாது. ஒரே புள்ளியில் வலித்து, அடிக்கு அடி கூடினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிப்பது. பரவலாக இருந்தால் தொடர்வது. தண்ணீர் மேசை அருகே நின்று, உப்பு தொட்ட ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து எலும்போரம் அழுத்திப் பார்த்தேன். புள்ளி வலி இல்லை. கெண்டைக்கால் தசைதான் இறுகிக் கல்லாகியிருந்தது. மீதித் தூரத்தில் ஓட்டத்தைவிட நடைதான் அதிகம். 42.195 கிலோமீட்டரை முடித்தபோது ஆறு மணி நேரம் ஆகச் சற்றுத்தான் பாக்கி. பெயர் கொடுக்கும் முன் போட்டியின் கட்-ஆஃப் நேரத்தை (எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை) பார்த்துவிடுங்கள், நடந்து ஓடுபவர்களுக்கு அது முக்கியம்.

வழியில் யாராவது அன்பாக வலி மாத்திரை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதோடு, நிறுத்தச் சொல்லும் வலியையும் மறைத்துவிடும்.

முடித்த பிறகு இரண்டு வாரம் ஓடவில்லை, காலைச் சோதனையை மட்டும் விடவில்லை. உங்கள் விரிசல் எந்த இடம், டாக்டர் குதித்துப் பார்க்கச் சொன்னாரா என்று கருத்தில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.