படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவில் ஸ்டெஃபான் குடெல்ஸ்கியின் பங்களிப்பு என்ன?

1929-இல் வார்சாவில் பிறந்து, போரினால் நாட்டைவிட்டு வெளியேறி, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பொறியியல் பயின்ற குடெல்ஸ்கி, 1951-இல் சாவி கொடுத்தால் ஓடும் முதல் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அது பெரும்பாலும் வானொலி நிருபர்களுக்கே பயன்பட்டது. 1950-களின் இறுதியில் வந்த நாக்ரா 3-தான் திரைப்படத்துக்கான திருப்புமுனை. டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, சாதாரண டார்ச் பேட்டரிகளில் இயங்கிய அதை ஒருவரே தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். மோட்டாரின் வேகத்தை மின்னணுச் சுற்று இடைவிடாது கண்காணித்துத் திருத்தியதால் பதிவின் வேகம் பிசகவில்லை.

ஆனால் அவரது தேர்ந்த பொறியியல் அறிவு முழுமையாக வெளிப்படுவது, 1960-களின் தொடக்கத்தில் வந்த, ஒலியைப் படத்தோடு ஒத்திசைக்க உதவும் நியோபைலட் முறையில்தான் என்பது என் கருத்து. கேமரா ஓடும் வேகத்தைக் குறிக்கும் சமிக்ஞை, ஒலிநாடாவின் நடுவே இரண்டு குறுகிய தடங்களில் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் (ஒன்றின் அலை உயரும்போது மற்றதன் அலை தாழும்படி) பதிவாகும். நாடாவின் முழு அகலத்தையும் படிக்கும் ஒலித்தலையில் அவை ஒன்றையொன்று நீக்கிவிடுவதால் வசனத்தில் அதன் இரைச்சல் கேட்காது. பின்னர் ஒலியைக் காந்தப் படச்சுருளுக்கு (காந்தப் பூச்சுள்ள, துளையிட்ட படச்சுருள்) மாற்றும்போது, அந்தச் சமிக்ஞையைக் கொண்டே உதட்டசைவோடு ஒலி பொருத்தப்பட்டது.

ஒலிப்பதிவு வண்டியை நம்பியிராமல் தெருவிலும் வீட்டுக்குள்ளும் நேரடி ஒலியுடன் படமெடுக்க இது வழிவகுத்தது. 1960-களின் ஆவணப்பட இயக்கங்கள் இதனால் பெரிதும் பயனடைந்தன. அமெரிக்கத் திரைப்பட அகாதமி அவருக்குப் பலமுறை தொழில்நுட்ப விருதுகள் அளித்துச் சிறப்பித்தது. அவர் 2013-இல் காலமானார்.