வாசகர் கேள்வி பதில்: பாட்டியின் ரவிக்கையும் ஓர் ஆவணம்தான்

கேள்வி: என் மகள் கலைக்கல்லூரியில் ஆடை வடிவமைப்பு, கடைசி ஆண்டு. என் பாட்டி மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். அவருடைய ரவிக்கைகளை வைத்துப் புது உடைகள் தைத்து, "இதுதான் என் ஆய்வு, கட்டுரையெல்லாம் எழுதப் போவதில்லை" என்கிறாள். "தைக்கிறதுக்கு ஒரு பட்டமா?" என்கிறார் என் அண்ணன். இதெல்லாம் ஆராய்ச்சியில் சேருமா?
- ஈசூன் வாசகி

பதில்: தாராளமாகச் சேரும். அந்த ரவிக்கைகளில் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் பக்கவாட்டில் துணியை மடித்து விட்டுத்தான் தைப்பார்கள். பிரித்த இடத்தில் பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும், மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் சாயம் போகாமல் இருக்கும். எத்தனை தடவை பிரித்தார், எப்போது மறுபடி பிடித்தார், அக்குளில் எந்தத் துணியால் ஒட்டுப்போட்டார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தோட்டத்துக் கணக்கில் பெயரும் கூலியும் இருக்கும், பிள்ளை பெற்ற உடம்பு இளைத்ததும் தேறியதும் இருக்காது. அந்த அளவுக்கே ஒன்று தைத்துப் போட்டு, குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டும்போது எங்கே இழுக்கிறது, எங்கே முதலில் நைகிறது என்று உங்கள் மகள் கண்டுபிடித்தால் அது ஆராய்ச்சி இல்லாமல் வேறென்ன?

அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள். 2014ல் நிக் சூசானிஸ் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சித்திரக்கதையாகவே வரைந்து கொடுத்தார். 2017ல் ஏ.டி. கார்சன் அங்கேயே கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 34 ராப் பாடல்களைக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். நம் ஊரில் கலைஞர் பிரியகீதா தியா ரப்பர்த் தோட்டத் தமிழர் வரலாற்றைக் கணினி அசைவுப்படங்களாகச் செய்துவருகிறார். லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் சேர்ந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024லேயே வந்துவிட்டது.

ஆனால் "எழுதவே மாட்டேன்" என்பதை நான் ஏற்கமாட்டேன். என்ன கேள்வியோடு தொடங்கினாள், எந்தத் தையலைப் பார்த்து எந்த முடிவுக்கு வந்தாள் என்பது இல்லாவிட்டால் இன்னொருவர் அதைச் சரிபார்க்கவோ மறுக்கவோ முடியாது. பெரும்பாலான இடங்களில் படைப்போடு ஒரு விளக்கவுரையும் கேட்பார்கள், அது நியாயம்தான்.

கேள்வி: பழைய துணியிலிருந்து அப்படி என்ன பெரிய வரலாறு தெரிந்துவிடும்?
- தேக்கா வாசகர்

பதில்: சோழமண்டலக் கரையில் சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து சிவப்பு ஏற்றிய துணிகள் வாசனைப் பொருளுக்குப் பண்டமாற்றாகக் கப்பலேறி இந்தோனேசியத் தீவுகளுக்குப் போயின. நம் பக்கம் பழசு அதிகம் மிச்சமில்லை, சுலாவேசியில் தொராஜா மக்கள் புனிதச் சொத்தாகக் காத்துவைத்தார்கள். நம் நெசவின் வரலாறு அங்கேதான் பிழைத்திருக்கிறது! ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் துணிக் கூடத்தை ஒருநாள் நிதானமாகப் பாருங்கள்.

அப்புறம் ஈசூன் சகோதரிக்கு ஒன்று: அசல் ரவிக்கையைக் கத்தரிக்க விடாதீர்கள், அளவெடுத்து நகல் தைக்கட்டும். துவைக்கவும் வேண்டாம், கறையும் சாட்சிதான். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.