காசு கட்டினால் மாசுபடுத்தலாம் என்பதா இது?

"சந்தை முறையில் சுற்றுச்சூழலைக் காப்பது என்றால் பணக்காரனுக்கு மாசுபடுத்த லைசன்ஸ் கொடுப்பதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மூலையில் எப்போதும் நாலைந்து கண்ணாடிச் சோடாப் போத்தல்கள் நிற்கும், ஒன்றையும் யாரும் வீச மாட்டார்கள், ஏனென்றால் வெறும் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் கட்டிய டிப்போசிட் காசு கையில் வரும். பக்கத்துக் கால்வாயில் மிதப்பதெல்லாம் பிளாஸ்டிக் போத்தல். அதற்கு டிப்போசிட் இல்லை. போத்தலில் ஒரு விலை ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம், விஷயமே அதுதான்.

பெரிய அளவில் அமெரிக்கா இதைச் செய்தது. அமில மழையைக் குறைக்க 1990இல் சட்டம் திருத்தி, மின் நிலையங்கள் மொத்தமாக எவ்வளவு கந்தக டையொக்சைட்டு விடலாம் என்று உச்சவரம்பு வைத்து, அதைப் பெர்மிட்டுகளாகப் பிரித்தார்கள். மலிவாகக் குறைக்க முடிந்தவர் மிச்சப் பெர்மிட்டை விற்றார், முடியாதவர் வாங்கினார். 1995இல் தொடங்கியது, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் மாசு இறங்கியது. லைசன்ஸ்தான், ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பைப் போடுவது அரசாங்கம், சந்தை இல்லை.

உங்கள் சந்தேகம் எனக்கு மீன்பிடியில்தான் சரியாகப் படுகிறது. நியூசிலாந்து 1986இல் மீனுக்குக் கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற பங்கு, கொண்டுவந்தது, அதை விற்கலாம் வாங்கலாம். முதல் பங்கு பெரும்பாலும் முன்பு யார் எவ்வளவு பிடித்தார் என்ற கணக்கைப் பார்த்தே போனது. அப்புறம் சின்னப் படகுக்காரர் பலர் வெளியே, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் வழக்குப் போட்டுத் தங்கள் பங்கைப் பெற வேண்டியிருந்தது.