டபுள் எக்ஸ்எல்லுக்கு விலை ஏற்றியும் கார்ட்டில் பழைய விலை

கேள்வி: வூகாமர்ஸில் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) டி-ஷர்ட் விற்கிறேன். 5 அளவு, 6 நிறம், அரைக்கை அல்லது முழுக்கை, பெயர் அச்சிட வேண்டுமா வேண்டாமா என 4 தேர்வுகள். பொது விலை 500. டபுள் எக்ஸ்எல்லுக்கு 550 போட்டேன், ஆனால் கார்ட்டில் 500தான் விழுகிறது. எங்களிடம் முழுக்கையில் பிங்க் கிடையாது. இருந்தும் அதைத் தேர்வு செய்ய விடுகிறது, பிறகுதான் 'இல்லை' என்கிறது. வேரியேஷன் (ஒரே பொருளின் அளவு, நிறம் போன்ற தேர்வுகளின் ஒவ்வொரு கூட்டு) பட்டியலில் 44 வரிசைகள். முதல் 22-இல் அளவு 'எதுவும்' என்றிருக்கிறது. தளம் அமைத்துக் கொடுத்தவர் ஒரு ப்ளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்த இரண்டு கோளாறுக்கும் வேண்டாம். கோளாறு உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது.

வூகாமர்ஸ் வேரியேஷன் வரிசைகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் டபுள் எக்ஸ்எல்லைத் தொட்டதும் 'எந்த அளவும்' என்ற மேல் வரிசையே பொருந்திவிடுகிறது. 550 போட்ட வரிசை கீழே தூங்குகிறது. குறிப்பான வரிசை மேலே, 'எதுவும்' கீழே என்று இருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் இதை மென்பொருளே எச்சரிக்க வேண்டும், எச்சரிப்பதில்லை. இழுத்து மாற்றலாம்தான். ஆனால் ஒரு பக்கத்துக்கு 15 வரிசைதான் காட்டும், 44-ஐ இழுத்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். புதிதாகப் போடுவதே மேல். 'எதுவும்' வரிசையில் ஐந்து அளவுக்கும் சேர்த்து ஒரே ஸ்டாக் கணக்கு ஓடுவதால், எம் தீர்ந்ததா எல் தீர்ந்ததா என்று உங்களுக்கே தெரியாது என்பது இன்னொரு காரணம்.

முழுக்கையைத் தனிப் பொருளாகப் பிரியுங்கள். பழைய பொருளை டூப்ளிகேட் செய்து பெயரை மாற்றினால் போதும், விவரமும் படமும் கூடவே வரும். இரண்டிலும் பழைய வரிசைகளை நீக்கிவிட்டு, அட்ரிபியூட் (பொருளின் தேர்வுகளைப் பதியும் இடம்) பக்கத்தில் அளவும் நிறமும் மட்டும் விட்டு, 'வேரியேஷனுக்குப் பயன்படுத்து' என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வரிசைகளை உருவாக்கச் சொன்னால் அரைக்கைக்கு 6 × 5 = 30 வரும். முழுக்கையில் பிங்க்கை நீக்கிவிடுங்கள், 25 வரும்.

அந்த 30-க்கு ஒரு அர்த்தம் உண்டு. 30 வரிசை வரை இருந்தால் வூகாமர்ஸ், எந்தக் கூட்டு இருக்கிறது, எது இல்லை என்பதைப் பக்கம் திறக்கும்போதே அனுப்பி, இல்லாததை மறைத்துவிடும். 31 ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு சர்வரிடம் கேட்கும். உங்கள் பிங்க் தொல்லை அதுதான். அரைக்கைக்கு ஏழாவது நிறம் சேர்த்தால் 35 ஆகி, அதே மாதிரித் தொல்லை திரும்பி வரும். சில வரி ஃபில்டர் கோடு (மென்பொருளின் இயல்பை மாற்றும் நிரல்) போட்டு இந்த வரம்பை உயர்த்தலாம். அதைப் பெரிய வேலையாகக் காட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

விலைக்கு, மேலே உள்ள மொத்தச் செயல்கள் பட்டியலில் 'வழக்கமான விலையை அமை' எடுத்து 500 போடுங்கள். பிறகு டபுள் எக்ஸ்எல் வரிசைகளை ஒவ்வொன்றாகத் திறந்து 550. அதே பட்டியலில் இருக்கும் 'விலையை உயர்த்து' என்பதை இதற்குத் தொடாதீர்கள், அது எல்லா வரிசைக்கும் ஏறிவிடும். விலை காலியாக விட்ட வரிசை கடையிலேயே தெரியாது. பழைய சலுகை விலை எதிலாவது ஒட்டிக்கொண்டிருந்தால், வழக்கமான விலையை எவ்வளவு ஏற்றினாலும் கார்ட்டில் சலுகை விலைதான் விழும்.

பெயர் அச்சிடுவது வேரியேஷனே அல்ல. தனி ஸ்டாக் உள்ளதுதான் வேரியேஷன். பெயருக்கு ஸ்டாக் ஏது? அது கூடுதல் கட்டணம் உள்ள எழுத்துப்பெட்டி. அதற்கு ஒரு ப்ளக்இன் தேவைதான், இதை ஒப்புக்கொள்கிறேன். இதில் ஒரு விலக்கும் உண்டு. பரிசுப் பெட்டி போல, கூடுதலாகத் தருவதற்கே எண்ணிக்கை இருந்தால் அதை எழுத்துப்பெட்டியோடு சேர்க்காதீர்கள். 40 பரிசுப் பெட்டி இருக்கிறது என்றால் 41-ஆவது ஆளிடமும் அந்த எழுத்துப்பெட்டி காசு வாங்கிவிடும், ஸ்டாக்கைக் கழிக்கத் தெரியாது. டி-ஷர்ட்டின் வேரியேஷனாக வைத்தால் 30 அறுபதாகும். 40 என்பதை அவற்றில் எப்படிப் பங்குபோடுவீர்கள்? ஆகவே அதைத் தனிப் பொருளாக்கி, டி-ஷர்ட் பக்கத்தில் 'இதையும் சேர்க்க' என்று காட்டுங்கள்.

ப்ளக்இன் விற்பவர்களைப் பற்றி. சில ப்ளக்இன்கள் பொருள் பக்கத்தில் அச்சுக் கட்டணமும் சேர்த்து 580 என்று காட்டும், கார்ட்டில் 500 போடும். கணக்கை உலாவியில் மட்டும் செய்வதால் வரும் வினை இது. இன்னும் சில, கூடுதல் கட்டணத்துக்காக மறைவாக ஒரு பொருளை உருவாக்கும். மாதக் கடைசியில் விற்பனை அறிக்கையில் முன்பின் தெரியாத பொருள் நிற்கும். லைசென்ஸை அமைத்துக் கொடுப்பவர் தன் பெயரில் வாங்குவது எல்லாவற்றையும் விட மோசம். அவரோடு மனத்தாங்கல் வந்தால் அப்டேட் நின்றுபோகும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கிக் கார்டில் வாங்குங்கள். அட்மின் கணக்கும் உங்கள் பெயரில் ஒன்று இருக்கட்டும்.

வரிசைகளை எக்செல்லில் திருத்தி ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், 007 என்ற எஸ்கேயூ (பொருளின் அடையாளக் குறியீடு) 7 ஆகும், 10-12 என்ற குழந்தைகள் அளவு தேதியாகும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபைலை நேராகத் திறக்காமல், அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று அமைத்து இம்போர்ட் செய்ய வேண்டும்.

முடித்ததும் கேஷை (தளம் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்க நகல்கள்) காலி செய்துவிட்டு, லாகின் செய்யாத தனி ஜன்னலில் ஒரு டபுள் எக்ஸ்எல்லைப் பெயர் அச்சோடு கார்ட்டில் போட்டு, செக்அவுட் வரை போய் ஆர்டரையும் கொடுத்துப் பாருங்கள். பொருள் பக்கம் காட்டும் விலையை நம்பாமல், கார்ட்டில் வரும் தொகையையும், ஆர்டர் மின்னஞ்சலில் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.