பழைய மகேந்திரா வேனில் வேறு டீசல் எஞ்சின் மாற்றினால் ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் எஞ்சின் வாங்கும் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பட்டறையில் விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு எஞ்சினுக்கு ஆன செலவைவிட, அதை உட்கார வைப்பதற்கு ஆன செலவுதான் அதிகம்.

காரைக்குடியில் அப்பா வைத்திருந்தது எப்.ஜே. வேன். பிஜோ உரிமத்தில் மகேந்திரா செய்த 2112 சி.சி. டீசல் எஞ்சின். கல்யாண வீடுகளுக்குச் சமையல் பாத்திரம், ஆத்தங்குடிக் கல், தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை என்று அதன் பிழைப்பு ஓடியது. இரண்டு முறை எஞ்சின் வேலை பார்த்தோம். மூன்றாம் முறை மெக்கானிக் அண்ணன் கையை விரித்துவிட்டார். அதே நிறுவனத்தின் ஜீப்பில் வரும் 2523 சி.சி. எஞ்சினைப் போட்டோம். உதிரிப் பாகம் உள்ளூரிலேயே கிடைக்கும் என்பதுதான் காரணம். நீங்களும் அதைத்தான் முதலில் பாருங்கள், குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம்.

இந்த வேனில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே மூடிக்கு அடியில் இருக்கும். புதியதை இறக்கியதும் மூடி மூடவில்லை. தகரம் ஒட்டி நான்கு விரற்கடை உயர்த்தினோம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் கால்களை வெட்டி வெல்டிங் வைத்தோம். இதில் மட்டும் கண்ணளவுக்கு விடாதீர்கள். எஞ்சினின் பின்புறம் சுற்றும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் மையமும் கியர்பாக்ஸ் தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் மாதக் கணக்கில்கூடத் தாங்காது. லேத் பட்டறையில் அளந்து செய்யச் சொல்லுங்கள்.

பழைய இரும்புக் கடைகளில் எஞ்சினிலிருந்து, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றித் தனியாக விற்றுவிடுவார்கள். வெற்றிடம் உண்டாக்கிப் பிரேக் மிதியை இலகுவாக்கும் வாக்குவம் பம்ப் பெரும்பாலும் அதன் முதுகில்தான் இருக்கும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தானாக வெற்றிடம் தராது. பம்ப் இல்லாத வண்டியில் பிரேக் மிதி கல்லாக நிற்கும்.

எங்களை அழவைத்தது சூடுதான். எஞ்சின் மாற்றியபின் வந்த தைப்பூசத்தில் குன்றக்குடியிலிருந்து காவடிகளுக்குப் பின்னால் நடை வேகத்தில் போனோம். சிங்கம்புணரி வரை ஒன்றுமில்லை. நத்தம் நெருங்கும்போது கொதித்தது. பானகம் ஒன்றைத் தவிர, யாத்திரைக்காரர்கள் வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரே குடித்தது. காரணம் எளிது: எஞ்சின் பெரிது, ரேடியேட்டர் பழையது. ஊர்ந்து போகும்போது எதிர்காற்றும் இல்லை, எஞ்சினோடு சுற்றும் விசிறிக்கும் வேகம் இல்லை. திரும்பி வந்து ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஆறும் கோரைத் தடித்ததாகப் போட்டு, விசிறியைச் சுற்றித் தகரக் கூடும் அடித்தோம். அந்தக் கூடு இல்லாவிட்டால் விசிறி அதே சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருக்கும். மறுவருடம் பழனி வரை சூடு காட்டும் ஊசி அசையவில்லை.

லாபமும் உண்டு. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின் என்பதால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியது. மார்கழிக் காலையிலும் பழைய எஞ்சினைப் போல, கிளப்புமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. சத்தம்தான் அதிகம். வேன் தேவகோட்டை ரஸ்தாவில் வரும்போதே வீட்டில் அம்மா காபி கலந்துவிடுவார் என்று தம்பி கேலி செய்வான்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று. நாங்கள் செய்தது பழைய காலம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. எனவே எந்த எஞ்சின் என்பதைக் குறித்துக்கொண்டு, பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால், எஞ்சின் எண் போட்ட பில் இல்லாமல் கடையைவிட்டு நகராதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஓர் எண், எஞ்சினில் வேறு எண் என்றிருந்தால் விபத்து நேரும்போது இன்சூரன்ஸ்காரரிடம் வாய் திறக்க முடியாது.